சூடு முறித்த சீரகத் தண்ணீர்

இதை வாசிக்கும் உங்களைச் சாட்சியாக இருத்திக்கொண்டே தொடங்குகிறேன். தீர்ப்பு எதுவும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. கண்ணால் கண்டவரைப் போல உடன் நின்றால் போதும். உங்கள் வீட்டிலும் இப்போது யாரோ ஒருவரின் கண் மஞ்சளித்திருக்கலாம். நீங்களே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டுக்குள் தண்ணீர் எந்த வழியாக வந்து ஒரு மனிதனின் கல்லீரலை அடைந்தது என்பதை, நான் அறிந்துகொண்ட வரிசையிலேயே உங்கள் முன் வைக்கிறேன்.

நான் பேச்சாளன். பள்ளிக்கூட நாளிலிருந்தே தமிழிலும் மலையாளத்திலும் மேடை ஏறி வருகிறேன். நான் கொண்டுவந்த கோப்பைகளுக்காக அப்பா கூடத்துச் சுவரில் தனியாக ஒரு பலகை அடிக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. நோய் என்னை முதலில் தொட்ட இடம் மேடைதான் என்பதால் சொல்லவும் வேண்டியிருக்கிறது.

எர்ணாகுளத்தில் கல்லூரிகளுக்கிடையிலான சொற்போரின் இறுதிச் சுற்று. எங்கள் தெருவின் கிடங்குகளிலிருந்து வரும் சுக்கு, மிளகு வாசனையில் பிறந்து வளர்ந்தவன் நான். அன்று காலை படகுத்துறைக்கு நடக்கும்போது அந்த வாசனையே குமட்டியது. மேடைக்குப் பின்னால் யாரோ பழம்பொரி தின்றார்கள்; அந்த எண்ணெயின் மணத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். பேசினேன், வென்றேன். வென்ற பின் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. மேசைமேல் இருந்த கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அது வயிற்றில் தங்கவில்லை.

மறுநாள் சிறுநீர் பால் விடாத கட்டன் சாயாவின் நிறத்தில் இருந்தது. முற்றத்து வெளிச்சத்தில் அம்மா என் முகத்தை நிமிர்த்தி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

மருத்துவரின் நடைவழியில் எங்களுக்கு முன்னால் ஒரு வரிசை இருந்தது. அதில் இன்னும் இரண்டு மஞ்சள் கண்களைக் கண்டேன். மருத்துவர் மலையாளி, எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர், எங்களிடம் பாதித் தமிழில் பேசுவார். வயிற்றின் வலப்பக்கம் விலா எலும்புக்குக் கீழே அழுத்தினார். துடித்துப்போனேன். மஞ்சள் காமாலை என்றார். ஹெப்படைடிஸ் (கல்லீரல் அழற்சி) என்பது அதன் மருத்துவப் பெயர். இரத்தத்தில் பிலிருபின் (கல்லீரல் கழித்து வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறப் பொருள்) எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்கச் சோதனை எழுதிக் கொடுத்தார். இதற்கென்று தனி மருந்து கிடையாது, ஓய்வுதான் மருந்து என்றும் சொன்னார்.

பிறகு அம்மாவைப் பார்த்து, குடிக்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்: "வீட்டில குடிக்கிறது ஏது வெள்ளம், சேச்சி?"

"திளைச்ச வெள்ளம்தான் டாக்டர். சீரகம் போட்டுக் கொதிக்க வெச்சது. பச்சை வெள்ளம் நாங்க தொடவே மாட்டோம்."

நானும் அதையே உறுதிப்படுத்தினேன். மேடைக்குரிய உறுதியோடு சொன்னேன் என்று நினைக்கிறேன், மருத்துவர் சிரித்துவிட்டார். அப்படியானால் வெளியே குடித்ததுதான் காரணமாக இருக்கும் என்றார். கல்லூரிக் கேன்டீன், மேடைக் கூஜா என்று நான் அடுக்கினேன். வழக்கு அங்கேயே முடிந்ததுபோல் எங்களுக்கு ஒரு நிம்மதி.

கடைசியில் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அப்பா, அம்மா, நான். என் அக்கா விசாலத்தைப் பாலக்காட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறது. இப்போது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருகிறோம் என்று அம்மா மலர்ச்சியோடு சொன்னாள். மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

தண்ணீர் வழியாக வரும் இந்தக் காமாலை மற்றவர்களைப் படுக்க வைத்துவிட்டுப் போய்விடும், நிறைமாதக்காரிக்கு வந்தால் தாயையும் பிள்ளையையும் கொண்டுபோகக்கூடும் என்று அவர் சொன்னார். இது எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று தெரியும்வரை, வீட்டில் இன்னொருவருக்கு வராது என்று ஆகும்வரை, மகளை அழைத்து வரவேண்டாம் என்றார்.



அடுக்களையை ஒட்டிய ரேழியில் எனக்குக் கட்டில் போட்டார்கள். கழிப்பறைக்குப் போக அதுதான் பக்கம். எனக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர், தனிச் சோப்பு. கழிவின் வழியாகத்தான் இந்த நோய் கைக்கும் தண்ணீருக்கும் போகிறது என்பதால், சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் யாருக்கும் சலுகை கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கஞ்சி, இளநீர், குளுக்கோஸ், வேகவைத்த காய். அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள்; மருத்துவர் அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உடல் முழுவதும் அரித்தது. எழுந்து உட்கார்ந்தால் களைத்தது. ஒரு வாக்கியத்தைப் பேசி முடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துபோனது என்பதுதான் எனக்குப் பெரிய அவமானம்.

எங்கள் பகுதியின் தண்ணீரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மூன்று பக்கமும் உப்புத் தண்ணீர்க் காயல் சூழ்ந்திருந்தும் குடிக்க ஒரு வாய் இல்லாத ஊர் இது. கிணறு தோண்டினால் உப்புக் கரிக்கும். நகராட்சிக் குழாயில் விசை இல்லை. ஆகவே வீட்டு வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயின் வாயை அந்தக் குழிக்குள் இறக்கி வைத்திருப்போம். விடியற்காலையில் சற்று நேரம் நூலாக ஒழுகும். மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் அந்தக் குழியில் தேங்கும். குழாயில் நீர் நின்றுபோகும் வேளையில் குழாய் அந்த அழுக்கைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். எல்லோருக்கும் தெரிந்ததுதான் இது. தெரிந்ததனால்தான் எல்லா வீட்டிலும் கொதிக்க வைக்கிறார்கள்.

அப்பா மிளகுக் கிடங்கில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவர். சல்லடையில் அவருக்கு அளவு கடந்த நம்பிக்கை. கொதிக்க வைப்பது போதவில்லை, வடிகட்டவும் வேண்டும் என்று முடிவு செய்தார். மகளை அழைத்து வருவதற்கு அது ஒன்றே வழி என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எதை வாங்குவது என்பதை என் கட்டிலருகே உட்கார்ந்து பேசினார். எனக்கும் ஒரு வாதம் கிடைத்ததே என்று மகிழ்ச்சி.

ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பானைகளை அடுக்கி, மணலும் கரியும் சரளையும் நிரப்பும் முறையை அவர் முதலில் சொன்னார். மணலை யார் மாற்றுவது, எப்போது மாற்றுவது என்று கேட்டேன், அந்த முறையைக் கைவிட்டார். படிகாரம் சுழற்றினால் கலங்கல் அடியில் தங்கும், கிருமி தங்காது. ப்ளீச்சிங் பவுடர் போட்டால் அம்மா குடிக்க மாட்டாள். எஞ்சியது கேண்டில் ஃபில்டர். மேலும் கீழுமாக இரண்டு எவர்சில்வர் பாத்திரங்கள். மேல் பாத்திரத்துக்குள் வெள்ளைப் பீங்கானில் மெழுகுவத்தி போன்ற இரண்டு வடிகுழல்கள். கீழ்ப் பாத்திரத்தில் ஒரு திருகு குழாய். அப்பா படகேறி எர்ணாகுளம் போய் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

முதல் நாள் அதன் அடியில் கசிந்தது. வாஷரைத் திருப்பிப் போட்டதும் நின்றது. அம்மா அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டாள். பக்கத்து வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. இனி விசாலத்துக்கு நாள் பார்க்கலாம் என்று அம்மா சொன்னாள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: வடிகுழலை அவ்வப்போது கழற்றி, மென்மையான நாரால் தேய்த்து, கொதிநீரில் இட்டு எடுக்க வேண்டும். அதில் மயிரிழை விரிசல் கண்டாலும் தூக்கி எறிய வேண்டும். அப்படிச் செய்தாலும் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் கேட்கும்போது அது வீட்டுக்கு வந்திருந்தது.

என்னைப் பார்க்க வந்த மருத்துவர், ஃபில்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். சேற்றையும் பல கிருமிகளையும் இது நிறுத்தும். காமாலையை உண்டாக்குவது வைரஸ் (சாதாரண நுண்ணோக்கியிலும் தென்படாத மிக நுண்ணிய கிருமி). அது இந்தப் பீங்கானின் துளை வழியே நடந்து போய்விடும். அதைக் கொல்ல நம்பத்தக்கது தீதான். "நீங்க திளைப்பிக்கிறதுண்டல்லோ. பின்னே எந்தா பேடி?" என்று, கொதிக்க வைக்கும் வீட்டில் பயம் எதற்கு என்பதுபோல், அவரே அமைதியும் சொன்னார்.

அந்த அமைதியைக் கலைத்தவன் ஜோசி. அவன் என் கல்லூரித் தோழன். சொற்போரில் என் அணியில் இரண்டாவதாகப் பேசுகிறவன். ஆரஞ்சுப் பழங்களோடு வந்து தள்ளியே உட்கார்ந்தான்.

"எடா, நீ வாய மூடிக் கிடக்கிறதுல காலேஜுக்கு எவ்வளவு சமாதானம் தெரியுமா? பிரின்சிபல் உன் டாக்டருக்கு நன்றி சொல்லச் சொன்னார்" என்றான்.

மேடைக் கூஜா தண்ணீர்தான் என்னைக் கவிழ்த்தது என்று நான் சொன்னேன். அவன் சிரிப்பை நிறுத்தினான். நான் அதைக் குடிக்கும் முன்பே எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைவூட்டினான். போன மாதச் சுற்றிலும் நாங்கள் எல்லோரும் ஒரே கூஜாவில்தான் குடித்தோம். கேன்டீனிலும் ஒரே பீப்பாய். அவனுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றும் வரவில்லை.

அவன் போன பிறகு அந்தப் பேச்சை மனத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுக்க இடமே இல்லாத வாதம் அது. நோய் வெளியிலிருந்து வரவில்லை என்றால் உள்ளே இருந்தது. உள்ளே கொதிக்க வைக்கிறோம். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது.

படுத்திருப்பவனுக்கு வீடு வேறுவிதமாகத் தெரிகிறது. நின்று பார்த்த காலத்தில் நான் கண்டது தட்டும் தம்ளரும்தான். இப்போது ரேழியிலிருந்து, கதவு நிலைக்கு அப்பால், அம்மாவின் கைகள் செய்வது முழுவதும் தெரிந்தது. காலையில் பெரிய பாத்திரத்தில் சீரகத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அப்பா கிடங்குக்குக் கிளம்பி வாசலில் நிற்பார். அவருக்குப் புட்டியில் தண்ணீர் வேண்டும். அம்மா கொதிநீரைப் பாதி ஊற்றுவாள். பிறகு பக்கத்துக் குடத்திலிருந்து ஒரு முகவை எடுத்து மீதியை நிரப்புவாள். புட்டியைக் கன்னத்தில் வைத்து இளஞ்சூடு பார்த்துக் கொடுப்பாள். எனக்கு வரும் தம்ளரும் அப்படியே. விருந்தாளிக்கும் அப்படியே.

இதற்கு எங்கள் வீட்டில் சூடு முறிப்பது என்று பெயர். எங்கள் வீட்டில் மட்டுமா? நான் போய் உட்கார்ந்த எல்லா வீடுகளிலும், எல்லா ஹோட்டல்களிலும் இளஞ்சூடான சீரகத் தண்ணீர் உட்கார்ந்தவுடன் வந்திருக்கிறது. கொதித்த நீர் அவ்வளவு விரைவில் இளஞ்சூடு ஆவது எப்படி என்று யாரும் கேட்டதில்லை. வந்தவரைக் காக்க வைப்பதும், வாய் பொத்துப்போகும் தண்ணீரை நீட்டுவதும் மரியாதை ஆகாது. சூடு முறிப்பது கலப்பதாக ஒருவருக்கும் தோன்றியதில்லை, அது உபசாரம்.

அன்று குடத்தில் இருந்தது ஃபில்டர் தண்ணீர்தான்; நான் படுப்பதற்கு முன் அதில் இருந்தது கொதிக்காத குழாய்த் தண்ணீர். மருத்துவர் சொன்ன துளை எனக்கு நினைவுக்கு வந்தது.

நான் அதை எடுத்துச் சொன்ன விதம் என் பயிற்சியின்படி அமைந்தது. முதலில் ஒப்புக்கொண்ட உண்மைகள், அடுத்து அவற்றிலிருந்து எழும் கேள்வி, இறுதியாக முடிவு. இடையிடையே மூச்சு வாங்கினாலும் கட்டுக்கோப்பாகவே பேசினேன். அம்மா கையில் முகவையோடு நின்று முழுவதும் கேட்டாள்.

"அப்ப நான்தான் உனக்கு வெஷம் வெச்சேன்னு சொல்றே."

அப்படிச் சொல்லவில்லை என்றேன்.

"கை தட்டறதுக்கு இங்க ஆள் இல்லடா. ஜெயிச்சது நீதான். போய் அந்தப் பலகையில இன்னொரு கப்பு வெச்சுக்கோ."

அதற்குப் பிறகு கஞ்சி வந்தது, கீழாநெல்லி மோர் வந்தது, பேச்சு வரவில்லை. சூடு முறிப்பதும் நிற்கவில்லை. என் தம்ளரில் மட்டும் கொதிநீர் அப்படியே வந்தது. அது எனக்குத் தண்டனையா சலுகையா என்று தெரியவில்லை. ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஆவி மெலிந்து, நின்று, விளிம்பைத் தொடலாம் என்று ஆகிப் பிறகு குடிக்கலாம் என்று ஆவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை என் வாழ்நாளில் முதன்முறையாக உடல் அறிந்தது.

ஒருநாள் அக்காவிடமிருந்து, தனக்கு மாங்காய் ஊறுகாய் வேண்டும், அம்மா போட்டது வேண்டும் என்று அப்பாவின் கிடங்குக்குத் தொலைபேசி வந்தது. அப்பா அதைச் சொல்லும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வாதம் எதையும் எடுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"அக்கா படியேறி வந்ததும் வெள்ளம் கேப்பாளே. எதைக் குடுப்பே அம்மா?"

 மறுநாள் விழித்தபோது அடுக்களையில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. ஒன்று அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. முந்தின மாலையில் கொதித்தது அகன்ற வாயுள்ள இன்னொன்றில், மெல்லிய துணி கட்டி, ஆறிக் கிடந்தது. ஃபில்டரின் திருகு குழாயைச் சுற்றி அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து கிழித்த துண்டு ஒன்றை அம்மா இறுக்கிக் கட்டியிருந்தாள். அந்தக் கட்டை அவள் கைதான் அவிழ்க்கும்; அதிலிருந்து வரும் தண்ணீர் நேராக அடுப்புக்கு மட்டுமே போகும்.

அப்பா அந்தத் துணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். "புது ஃபில்டருக்குப் பல்வலியா?" என்று கேட்டார். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

பசி ஒரு காலையில் திரும்பி வந்தது. வாசலில் யாரோ மீன் கூவிக்கொண்டு போக, எனக்குக் குமட்டவில்லை. கண் வெளுத்தது. பிலிருபின் இறங்கியது. வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை; அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சிறு வயதிலேயே தெரியாமல் வந்து போயிருக்கலாம் என்றார் மருத்துவர். மருத்துவர் இன்னும் சில வாரங்கள் பொறுக்கச் சொன்னார், பொறுத்தோம். தண்ணீரை நாங்கள் ஆற்றும் முறையைக் கேட்டறிந்த பிறகே அழைத்து வரலாம் என்றார்.

அக்கா வந்தது கடும் வெயிலில். பாலக்காட்டிலிருந்து ரயில், பிறகு படகு. கூடவே அத்தானும் மாமியாரும் உறவினர் சிலரும். ஆறிய தண்ணீர் முன்னால் வந்தவர்களுக்கே தீர்ந்துவிட்டது. அக்கா பின்னால் மெல்லப் படியேறி, தூணைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் வெள்ளம்" என்றாள். உதடு உலர்ந்திருந்தது.

அடுப்பில் ஒரு பாத்திரம் அப்போதுதான் கொதித்து இறங்கியிருந்தது. அதன் அருகிலேயே, அடுத்துக் கொதிக்க வைப்பதற்காக வடிகட்டிப் பிடித்த குடத்தில், குளிர்ந்த தெளிந்த தண்ணீர். அம்மாவின் கை பழக்கத்தில் அந்தக் குடத்துக்குப் போனது. முகவை தண்ணீரைத் தொட்டது. நான் ரேழியில் நின்றிருந்தேன். என் நாக்கில் ஒரு சொல் வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

அம்மா முகவையைக் கீழே வைத்தாள். இரண்டு பெரிய தம்ளர்களை எடுத்து, கொதிநீரை ஒன்றில் ஊற்றி, சாயாக்கடைக்காரனைப்போல் உயரத் தூக்கி ஆற்றத் தொடங்கினாள். சுடுநீர் கையில் தெறித்தது.  அக்கா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சம்பந்தி, பிள்ளைத்தாச்சி வாய் வறண்டு நிக்கறா. ஒரு வாய் வெள்ளத்துக்கும் முகூர்த்தம் பாக்கணுமா?" என்றார் அக்காவின் மாமியார்.

"பாக்கணும் சம்பந்தி" என்றாள் அம்மா, கை நிற்காமல். "பச்சை வெள்ளம் ஊத்தி சூடு முறிச்சுத்தான் எம் பையனைப் படுக்கப் போட்டேன். இவளுக்கு ஆறினது மட்டும்தான் தருவேன். நீங்களும் சித்த உக்காருங்கோ."

நான் கேட்ட எந்த மேடைப் பேச்சும் இவ்வளவு குறைந்த சொற்களில் இவ்வளவு சொன்னதில்லை. மாமியார் உட்கார்ந்தார். தண்ணீர் ஆறியது. அக்கா இரண்டு கைகளாலும் தம்ளரைப் பிடித்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டாள். அம்மா மறுபடியும் ஆற்றத் தொடங்கினாள்.

பெண் குழந்தை. தாயும் நலம், சேயும் நலம்.

என் உடலை நான் முன்பு குரலுக்கான பீடமாகவே நினைத்திருந்தேன். இப்போது வலப்பக்க விலாவுக்குக் கீழே ஓர் உறுப்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அது வலிக்கவில்லை, ஆனால் இருக்கிறது. மாலையில் சீக்கிரம் களைக்கிறேன். பேசும்போது வாக்கியங்களுக்கு இடையே நிற்கிறேன். நிற்பது பாணி என்று சிலர் பாராட்டுகிறார்கள். கடிகாரம் காட்டும் நேரத்தைவிட ஒரு தம்ளர் தண்ணீர் ஆறும் நேரம் எனக்கு நம்பகமாகத் தோன்றுகிறது. அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நான் உயிரோடு இருக்கும் அத்தாட்சி.

மீண்டும் மேடை ஏறியது எங்கள் பகுதித் தமிழர் மன்றத்தின் ஆண்டு விழாவில். பெண்கள் வரிசையில் அம்மாவும், மடியில் குழந்தையோடு அக்காவும் இருந்தார்கள். பேச எழுந்ததும் செயலாளர் வழக்கம்போல் என் முன்னால் ஒரு தம்ளரை வைத்தார். தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. திளைச்சதுதானா என்று கேட்டேன். சந்தேகமே வேண்டாம், இப்போதுதான் திளைத்தது என்றார் அவர்.

தம்ளரை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினேன். பேச வேண்டிய தலைப்புக்கு முன்னால், ஒலிபெருக்கியில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்:

"இனி எந்த வீட்டிலும் எந்த மேடையிலும், கொதிக்க வைத்ததுதான் என்று சொன்னதோடு நான் விடமாட்டேன். எப்படி ஆற்றினீர்கள் என்று கேட்பேன். ஆறவில்லை என்றால், எவ்வளவு தாகமாக இருந்தாலும், ஆறும்வரை உங்களோடு உட்கார்ந்திருப்பேன்."